டீச்சர்கிட்ட கேளுங்க: பாறை எப்ப நகர்ந்துச்சுன்னு களிமண் சொல்லுமா?

கேள்வி: டீச்சர், மலைக்குள்ள இருக்கிற பெரிய பிளவுகள் ஒரு காலத்துல நகர்ந்துச்சுன்னு பாடத்துல படிச்சோம். எப்ப நகர்ந்துச்சுன்னு எப்படி கண்டுபிடிக்கிறாங்க? பாறைக்கு வயசு பார்த்தா அது பாறை உண்டான காலம்தானே, பிளவு நகர்ந்த காலம் இல்லையே?
(உயர்தர மாணவி, தலவாக்கலை)

மகள், ரொம்ப பேருக்கு தோணாத கேள்வி இது, நீங்க சரியான இடத்துல கை வச்சிருக்கீங்க. நம்ம மலைநாட்டுப் பாறைகள் 610ல இருந்து 550 மில்லியன் வருசத்துக்கு முந்தி பூமிக்குள்ள ஆழத்துல 800 பாகைக்கு மேல சூடாகி மாறின பாறைகள். அதுக்கப்புறம் எத்தனையோ தடவை வெடிச்சிருக்கும் நகர்ந்திருக்கும், ஆனா பாறைக்கு வயசு பார்த்தா அந்த பழைய சூட்டுக் கதைதான் வரும், நகர்ந்த கதை வராது.

அப்ப என்ன செய்றதுன்னா, பிளவு நகரும்போது புதுசா உண்டான பொருள் ஏதாவது இருக்கான்னு தேடணும், அது இருக்கு, அதுதான் களி. ரெண்டு பக்கப் பாறையும் ஒண்ணோட ஒண்ணு உரசி நடுவுல இருக்கிறது மாவா அரைபட்டுப் போகுது, அந்த மாவுக்குள்ள சூடான தண்ணி ஊறுது, பாறைல இருக்கிற பெல்ட்ஸ்பார், மைக்காங்கிற கனிமங்கள் அந்த தண்ணியோட சேர்ந்து மாறி களிக் கனிமமா வளருது. 100 பாகை தாண்டின சூட்டுல வளர்ற ஒரு வகைக்கு பேரு இல்லைட். இந்த இல்லைட் தாள் தாளா அடுக்கின மாதிரி இருக்கும், அந்த தாளுக்கு இடையில பொற்றாசியம் உட்கார்ந்திருக்கும், நமக்கு வேண்டியது அந்த பொற்றாசியம்தான்.

பொற்றாசியம் அணு 10,000 எடுத்தா அதுல ஒண்ணு கிட்டத்தட்ட பொற்றாசியம்-40, அது கதிர்வீசி அழியிற வகை. அரை ஆயுள், அதாவது இருக்கிறதுல பாதி அழிய எடுக்கிற காலம், 1,250 மில்லியன் வருசம். அழியிறதுல 100க்கு 11 பங்கு மாதிரி ஆகன்-40ஆ மாறும், மிச்சம் கல்சியமா போயிடும். ஆகன் வாயு எதோடயும் சேராது, அதனால இல்லைட் வளர்ற நேரத்துல அதுக்குள்ள ஆகன் இல்லைன்னு எடுத்துக்கலாம், வளர்ந்த பிறகு உள்ளுக்குள்ளயே உண்டாகிற ஆகன் தாளுக்கு இடையில மாட்டிக்கும். இப்ப அந்த களியை வெற்றிடத்துல உருக்கி வர்ற ஆகனை திணிவு நிறமாலைமானில (அணுக்களை எடை வாரியா பிரிச்சு எண்ணுற கருவி) எண்ணி, பொற்றாசியம் எவ்வளவுன்னும் அளந்தா எத்தனை வருசம்னு கணக்கு வந்துடும். காத்துலயும் ஆகன் 0.93 வீதம் இருக்கே அது கலந்திருக்காதான்னு கேப்பீங்க, கலந்திருக்கும்தான், ஆனா காத்து ஆகன்ல ஆகன்-36 ஒண்ணுக்கு ஆகன்-40 சுமார் 298 இருக்கும்னு தெரியும், அதனால ஆகன்-36ஐ அளந்து காத்தோட பங்கை கழிச்சிடுவாங்க.

இது வரைக்கும் லேசு. கஷ்டமே இனித்தான். பிளவுக்குள்ள இருக்கிற களி முழுசும் புதுசு இல்ல, பக்கத்துப் பாறைல இருந்து அரைபட்டு விழுந்த பழைய மைக்காவும் அதுக்குள்ள கலந்து கிடக்கு, அதுலயும் பொற்றாசியம் இருக்கு, ஆகனும் நிறைய இருக்கு. அப்படியே அள்ளி அளந்தா வர்ற வயசு பழசும் இல்ல புதுசும் இல்ல, ரெண்டுக்கும் நடுவுல எங்கயோ நிக்கிற, அர்த்தமே இல்லாத ஒரு எண். கன காலம் பிளவுக் களிக்கு வயசு பார்க்கிறதுல நம்பிக்கை இல்லாம இருந்ததுக்கு முக்கியமான காரணம் இந்த கலப்படம்தான்.

அதுக்கு கண்டுபிடிச்ச வழி எனக்கு ரொம்ப பிடிச்ச வழி. தேயிலை பெக்டரில தூளை சல்லடை போட்டு பெரிய தூள் பிஓபி வேற, பொடித் தூள் டஸ்ட் வேறன்னு பிரிக்கிற மாதிரி களியையும் பருமன் பருமனா பிரிக்கிறாங்க. பழைய மைக்கா உடைஞ்ச துண்டு, அதனால கொஞ்சம் பெருசா இருக்கும், புது இல்லைட் சூடு குறைஞ்ச இடத்துல வளர்ந்தது, அதனால ரொம்ப பொடிசு. தண்ணில கரைச்சு விட்டா 2 மைக்ரோமீற்றர் துகள் 10 சென்ரிமீற்றர் கீழ இறங்க 8 மணித்தியாலம் மாதிரி ஆகும், அதைவிட பொடிசுக்கு மையநீக்கியில போட்டு சுத்துவாங்க, 0.05 மைக்ரோமீற்றருக்கு கீழ இருக்கிறது வரைக்கும் பிரிச்சு எடுக்கலாம்.

பிரிச்ச ஒவ்வொரு பங்குலயும் பழசு எவ்வளவு புதுசு எவ்வளவுன்னு எக்ஸ் கதிர் பாய்ச்சி பார்க்கிறாங்க. மைக்காத் தாள்கள் ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கியிருக்கிற முறை சூட்டைப் பொறுத்து வேற வேற, கடும் சூட்டுல உண்டான பழசுக்கு 2எம்1 அடுக்கு, லேசான சூட்டுல வளர்ந்த புதுசுக்கு 1எம்டி அடுக்கு, எக்ஸ் கதிர் சிதறி வர்ற கோணம் ரெண்டுக்கும் ஒத்துப்போகாது, அதை வச்சு வீதம் சொல்லிடலாம்.

இப்ப ஒரு கணக்கு பாருங்க, இது நானா விளக்கத்துக்கு போட்ட எண்கள். பழைய மைக்காவுக்கு 500 மில்லியன் வருசம், புது இல்லைட்டுக்கு 100 மில்லியன் வருசம், ரெண்டுலயும் பொற்றாசியம் ஒரே அளவுன்னு வச்சுக்குவோம். பெரிய துகள் பங்குல பழசு 60 வீதம் இருந்தா அளந்த வயசு 350 மில்லியன்னு வரும். நடுத்தரத்துல 30 வீதம் இருந்தா 230. பொடிசுல 10 வீதம் மட்டும் இருந்தா 144. பாத்தீங்களா, ரொம்ப பொடிசை அளந்தும் உண்மை வயசு 100 வரல, இன்னும் 44 கூட நிக்குது. ஆனா இந்த மூணையும் வரைபுல குறிச்சு கோடு இழுத்தா, பழசு 0 வீதம்ங்கிற இடத்துல கோடு 100ல போய் விழும், அதுதான் பிளவுல களி வளர்ந்த காலம். அதே கோட்டை மத்தப்பக்கம் 100 வீதத்துக்கு நீட்டினா பழைய மைக்காவோட வயசு 500ம் கிடைக்கும், ஒரே கோட்டுல ரெண்டு தகவல். (குத்தச்சுல வயசை நேரா போட மாட்டாங்க, வயசோட அடுக்குக்குறிச் சார்பை போடுவாங்க, அப்பதான் கோடு நேரா வரும். உங்க கணித டீச்சர்கிட்ட ஏன்னு கேளுங்க, நல்ல பயிற்சி.)

கனடா ரொக்கி மலைல லூயிஸ் பிளவுன்னு ஒண்ணு இருக்கு, பழைய பாறை அடுக்கு இளைய பாறைக்கு மேல ஏறி நகர்ந்த இடம். மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சேர்ந்த குழு ஒண்ணு இந்த முறையால அங்கத்த களியை பார்த்து சுமார் 52 மில்லியன் வருசத்துக்கு முந்தி நகர்ந்துச்சுன்னு 2001ல வெளியிட்டாங்க. ஆழம் குறைஞ்ச பிளவுகளுக்கும் நேரடியா வயசு சொல்லலாம்ங்கிற நம்பிக்கை பலருக்கு வந்தது அதுக்கப்புறம்தான்.

கேள்வி: எங்க பக்கம் ரோட்டு அகலப்படுத்த மலையை வெட்டினப்ப பாறை இடுக்குல வெள்ளைக் களி கோடு மாதிரி தெரிஞ்சது, சில இடம் சிவப்பு. அதை எடுத்து அனுப்பினா எத்தனை வருசம்னு சொல்ல ஏலுமா டீச்சர்?
(முச்சக்கரவண்டி ஓட்டுநர், ஹப்புத்தளை)

தம்பி, நீங்க பார்த்தது அநேகமா கயோலினைட். நம்ம நாட்டு மழையும் சூடும் பாறையை மேல இருந்து கீழ அரிச்சுக்கிட்டே போகுது, பெல்ட்ஸ்பார்ல இருந்த பொற்றாசியம் சோடியம் எல்லாம் மழைத்தண்ணில கரைஞ்சு ஆத்துக்கு போயிடுது, மிஞ்சுற வெள்ளைக் களிதான் கயோலினைட், சிவப்பு இரும்பால வர்றது. பொரலஸ்கமுவலயும் மீட்டியாகொடயிலயும் பீங்கான் செய்ய தோண்டி எடுக்கிறதும் இதே கனிமம்தான். இதுல பொற்றாசியம் இல்ல, பொற்றாசியம் இல்லைன்னா ஆகனும் இல்ல, நான் மேல சொன்ன முறைல இதுக்கு வயசு பார்க்க வழியே இல்ல.

வெள்ளைக் களி பாறை இடுக்குல ஓடுதுன்னா மழைத்தண்ணி அந்த இடுக்கு வழியா உள்ள போயிருக்குன்னு அர்த்தம், பிளவு அங்க நகர்ந்துச்சுங்கிறதுக்கு அது மட்டும் சாட்சி ஆகாது. நகர்ந்த பிளவுன்னா உரசின முகம் பளபளப்பா இருக்கும், ஒரே திசைல கீறல் கீறலா கோடு இருக்கும், நடுவுல அரைபட்ட கருமையான இல்லாட்டி பச்சை சாயல் களி இருக்கும். அடுத்த தடவை அந்தப்பக்கம் போகும்போது ரோட்டு ஓரம் பத்திரமா நின்னு அதை பாருங்க, வெட்டின மலைக்கு அடில போய் நிக்க வேணாம்.

மழை அரிக்காத களி வேணும்னா ஆழத்துல இருந்துதான் எடுக்கணும், அதுக்கு சுரங்கமும் துளையிட்ட கிணறும்தான் வழி. மேல் கொத்மலை திட்டத்துக்கும் உமா ஓயா திட்டத்துக்கும் மலைக்குள்ள கிலோமீற்றர் கணக்குல சுரங்கம் போட்டாங்க, உமா ஓயால பாறை வெடிப்பு வழியா சுரங்கத்துக்குள்ள தண்ணி பாய்ஞ்சதும் பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வத்தினதும் நாடே அறிஞ்ச விசயம். அப்படி ஒரு சுரங்கம் தோண்டுறப்ப வெடிப்புக்கு வெடிப்பு கொஞ்சம் களியை எடுத்து இடத்தை எழுதி பெட்டில வச்சா ஒரு தலைமுறை ஆராய்ச்சிக்கு போதும், சுவருக்கு கொங்கிரீட் பூசின பிறகு யாராலயும் அதை எடுக்க ஏலாது. இனி எந்த மலையை துளைச்சாலும் இதை ஒரு வேலையா சேர்த்துக்கணும்னு நான் மனசார கேட்டுக்கிறேன்.

கேள்வி: ஆகன்-ஆகன் முறைல மாதிரியை அணு உலைல வைக்கிறாங்கன்னு வாசிச்சேன். களிக்கு அது சரிவராதுன்னும் ஒரு இடத்துல இருந்தது. ஏன்?
(பல்கலைக்கழக மாணவன், கண்டி)

தம்பி, பொற்றாசியத்தையும் ஆகனையும் வேற வேறயா அளக்கிறதுக்கு பதிலா, உலைல நியூத்திரன் அடிச்சு பொற்றாசியம்-39ஐ ஆகன்-39ஆ மாத்திட்டா ரெண்டையும் ஒரே இயந்திரத்துல ஒரே துண்டுல அளக்கலாம், மாதிரி கொஞ்சமா இருந்தாலும் போதும், அதுதான் இந்த முறையோட வசதி. ஆனா நியூத்திரன் அடிக்கிற அடில அந்த புது ஆகன் அணு 0.1 மைக்ரோமீற்றர் அளவு தூரம் தெறிக்கும். மைக்கா தகட்டுக்கு அது ஒண்ணுமே இல்ல, ஆனா நம்ம இல்லைட் துகளே அதை விட சின்னது, அதனால ஆகன் வெளிய போயிடும், வயசு பிழையா கூடிக் காட்டும். இதுக்காக களியை சின்ன சிலிக்கா கண்ணாடிக் குழாய்ல வச்சு காத்தை எடுத்துட்டு சீல் பண்ணி உலைக்கு அனுப்புறாங்க, அப்புறம் முதல்ல குழாயை உடைச்சு வெளிய வந்திருந்த வாயுவையும் அளந்து சேர்த்துக்குவாங்க. லூயிஸ் பிளவு மாதிரி வேலைகளுக்கு கைகொடுத்தது இந்த குழாய்தான். பொற்றாசியம்-ஆகன் பழைய முறைல உலையே இல்ல, இந்த தலைவலியும் இல்ல, ஆனா ஒரே மாதிரியை ரெண்டு பங்கா பிரிச்சு அளக்கணும், பங்கு ரெண்டும் ஒரே மாதிரி இல்லைன்னா அங்க பிழை வரும்.

இன்னொண்ணும் சொல்லிடுறேன், கிடைக்கிற எண் களி வளர்ந்த காலம். பிளவு அசையாமலே சூடான தண்ணி பின்னால ஒரு காலத்துல அது வழியா ஓடியும் களி வளர்ந்திருக்கலாம், ஒரே பிளவு மூணு நாலு தடவை நகர்ந்து ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் களி சேர்ந்தும் இருக்கலாம். அதனால பிளவுக்கு வெளிய தள்ளி இருக்கிற பாறைலயும் மாதிரி எடுத்து அதே களி அங்கயும் இருக்கான்னு பார்க்காம வயசை மட்டும் சொல்ற கட்டுரையை நான் நம்புறதில்ல, நீங்களும் அப்படியே வாசிக்கப் பழகுங்க.

கேள்வி: களிப்பாறைன்னு சொல்ற சேல் மலைநாட்டுல எங்க இருக்கு?
(நூலக உதவியாளர், மாத்தளை)

மலைநாட்டுல இல்ல. இங்க ஒரு காலத்துல களிப்பாறையா இருந்ததெல்லாம் சூட்டுல மாறி கார்னட், சிலிமனைட்ங்கிற கனிமங்கள் உள்ள பாறையாயிடுச்சு. இலங்கைல உண்மையான சேல் பார்க்கணும்னா புத்தளம் பக்கம் தப்போவைக்கும் அண்டிகமைக்கும் போகணும், அங்க யுராசிக் காலத்து மணல்பாறையும் களிப்பாறையும் செடி பதிஞ்ச புதைபடிவங்களோட இருக்கு. ரெண்டு பக்கமும் பிளவு விழுந்து நிலம் கீழ இறங்கின பள்ளத்துக்குள்ள இருந்ததாலதான் அது மிச்சம், மேல இருந்ததெல்லாம் அரிச்சுக்கிட்டு போயிடுச்சு. அந்தப் பள்ளத்து ஓரப் பிளவுகள் இலங்கையும் இந்தியாவும் அந்தாட்டிக்காவும் ஒட்டியிருந்த நிலம் பிரிஞ்ச காலத்தோட சம்பந்தப்பட்டது, அங்கத்த களி எனக்கு கையில கிடைச்சா முதல்ல அதைத்தான் அளக்க அனுப்புவேன்.

கேள்வி: ஹோட்டன் சமவெளி ஓரத்துல உலக முடிவுல நின்னா கத்தியால வெட்டின மாதிரி மலை நேரா இறங்குது. அது பிளவு நகர்ந்து உண்டான இடம்தானே? எங்க காலத்துல வாத்தியார் அப்படித்தான் சொன்னார்.
(ஓய்வுபெற்ற தபால் ஊழியர், ஒஹிய)

ஐயா, உங்க வாத்தியார் சொன்னதுக்குப் பின்னால பெரிய வாதம் ஒண்ணு இருக்கு. கனடா நாட்டு புவியியலாளர் அடம்ஸ் 1929ல இலங்கைல மூணு தட்டு இருக்குன்னு எழுதினார், கரையோரம் ஒண்ணு, நடுவுல ஒண்ணு, நுவரெலியா ஹோட்டன் சமவெளி எல்லாம் உள்ள மேல்தட்டு ஒண்ணு, ஒவ்வொண்ணும் மழையும் ஆறும் அரிச்சு உண்டாக்கினதுன்னு அவர் விளக்கினார். 1940கள்ல இங்க அரசாங்க கனிமவியலாளரா வேலை செஞ்ச இந்திய புவியியலாளர் வாடியா அதை ஏத்துக்கல, இது ஒரே சமவெளி, பிளவுகள் வழியா நிலம் பாளம் பாளமா மேல தூக்கினதாலதான் தட்டுத் தட்டா தெரியுதுன்னு சொன்னார். உலக முடிவுல 870 மீற்றர் மாதிரி நேரா இறங்குறதைப் பார்த்தா வாடியா பக்கம் சாயத்தான் மனசு சொல்லும்.

ஆனா செங்குத்தா இருக்கிறது மட்டும் பிளவுக்கு அத்தாட்சி இல்ல ஐயா. கெட்டியான பாறை மேலயும் மெலிஞ்ச பாறை கீழயும் இருந்தா மழை கீழ அரிச்சு மேல உள்ளது உடைஞ்சு விழுந்து செங்குத்து தானா உண்டாகும். பிறகு வந்த ஆய்வுகள்ல ஆத்து மணல்ல இருக்கிற குவார்ட்ஸுக்குள்ள அண்டக்கதிரால உண்டான பெரிலியம்-10ஐ அளந்து பார்த்தாங்க (நிலம் மெதுவா தேய்ஞ்சா அது கூட சேரும்), காடு மூடின இடங்கள்ல நம்ம மலை இயற்கையா தேயிற வேகம் ஆயிரம் வருசத்துக்கு சில மில்லிமீற்றர்ல இருந்து மூணு சென்ரிமீற்றர் வரைக்கும்தான். இவ்வளவு மெதுவா தேயிற மலைல இப்பவும் பிளவு தூக்கிக்கிட்டு இருக்குன்னு சொல்றது கஷ்டம், நான் அடம்ஸ் பக்கம்தான் கூட சாயுறேன்.

இந்த வாதத்துக்குள்ள களி எப்படி வருதுன்னா, செங்குத்துக்கு அடிவாரத்துல நல்ல பிளவு ஒண்ணு கிடைச்சு அதுல மழை அரிக்காத இல்லைட்டும் கிடைச்சா வயசு பார்க்கலாம். 400, 500 மில்லியன்னு வந்தா அது பாறை ஆறின காலத்து வெடிப்பு, இப்ப இருக்கிற மலை உருவத்துக்கும் அதுக்கும் நேரடி சம்பந்தம் இல்ல. 100, 150 மில்லியன்னு வந்தா கண்டங்கள் பிரிஞ்ச காலம். அதைவிட எவ்வளவோ இளசா வந்தா வாடியா சொன்னதை திரும்ப எடுத்து யோசிக்கணும். ஒரு விசயம், அடிவாரப் பிளவை செங்குத்து முகத்துலயே தேடக்கூடாது, மலைமுகம் அரிச்சு அரிச்சு பின்னால போயிருக்கும், பிளவு இருந்தா முன்னால தள்ளி பள்ளத்தாக்குல மண்ணுக்கு கீழ இருக்கும்.

கேள்வி: எங்க லயத்துக்கு மேல பாறைல நீளமா வெடிப்பு இருக்கு. அது பழைய பிளவுன்னு யாரோ சொன்னாங்க. 2014ல மீரியபெத்தைல நடந்த மண்சரிவு மாதிரி எங்களுக்கும் வருமான்னு பிள்ளைகள் பயப்படுது. இந்த வயசு பார்க்கிற முறையால ஆபத்து இருக்கான்னு சொல்ல முடியாதா?
(தோட்டத் தொழிலாளி, கொஸ்லந்தை)

அக்கா, முடியாது, இதை நான் தெளிவா சொல்லணும். களிக்கு வயசு பார்க்கிற முறை மில்லியன் வருசக் கணக்கு, உங்களுக்கு வேண்டியது இந்த மாசத்து மழைல என்ன நடக்கும்ங்கிறது. ஒரு பிளவு 300 மில்லியன் வருசத்துக்கு முந்தி நகர்ந்ததுன்னு அளந்து சொன்னாலும் அதுக்கு மேல கிடக்கிற மண்ணு பத்திரம்னு அர்த்தம் ஆகாது. மீரியபெத்தைல 2014 ஒக்டோபர் 29 காலைல லயங்களை மூடினது பாறைக்குள்ள பூமி அதிர்ந்ததால இல்ல, சரிவுல சேர்ந்து கிடந்த மண்ணும் கல்லும் நாள்கணக்கா பெய்ஞ்ச மழைத்தண்ணியை குடிச்சு பாரம் கூடி இறங்கினதால.

அதனால பாறை வெடிப்போட வயசை விட்டுட்டு மண்ணைப் பாருங்க. நிலத்துல புதுசா பிறை மாதிரி வெடிப்பு விழுறது, இருக்கிற வெடிப்பு அகலமாகிறது, மரமும் கம்பமும் சாயிறது, கதவு ஜன்னல் திடீர்னு இறுகிறது, பீலித் தண்ணி சேறா வர்றது இல்லாட்டி நின்னுபோறது, இல்லாத இடத்துல ஊத்து வர்றது, இதுல ஒண்ணு கண்டாலும் மழை நிக்கட்டும்னு காத்திருக்காதீங்க. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழை அளவை வச்சு எச்சரிக்கை குடுக்குது, 24 மணித்தியாலத்துல 75 மில்லிமீற்றர் தாண்டினா கவனம், 100 தாண்டினா எச்சரிக்கை, 150 தாண்டினாலோ ஒரு மணித்தியாலத்துல 75 பெய்ஞ்சாலோ வெளியேறணும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்து இலக்கம் 117, போன்ல சேவ் பண்ணி வைங்க. கான் அடைஞ்சிருந்தா தோட்டத்துல சொல்லி வெட்டி விடச் சொல்லுங்க, தண்ணி மண்ணுக்குள்ள இறங்காம ஓடுறதுதான் முதல் பாதுகாப்பு. மேல உள்ள வெடிப்பை அதிகாரிகள் வந்து பார்க்கணும்னு கிராம சேவகர் மூலமா எழுத்துல குடுங்க, நாலு குடும்பம் சேர்ந்து கையெழுத்து போட்டு பிரதி ஒண்ணு வச்சுக்குங்க.

உங்க பிள்ளைகளோட பயம் நியாயமான பயம் அக்கா. வெளியேறச் சொன்னா எங்க போறதுன்னு தெரியாத குடும்பங்கள் நம்ம தோட்டங்கள்ல நிறைய இருக்கு, பாதுகாப்பான காணில வீடு குடுக்காம எச்சரிக்கை மட்டும் குடுத்தா அது பாதி வேலைதான். இதை நான் இந்தப் பக்கத்துல திரும்பத் திரும்ப எழுதுவேன்.

கேள்வி: இந்தப் படிப்பு படிக்கணும்னா என்ன பாடம் எடுக்கணும் டீச்சர்?
(சாதாரண தரம் எழுதின மாணவன், நாவலப்பிட்டி)

உயர்தரத்துல விஞ்ஞானப் பிரிவு எடுங்க தம்பி, இரசாயனத்தை விட்டுடாதீங்க, இந்த வேலைல பாதிக்கு மேல இரசாயனம்தான். பேராதனைப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்துல புவிச்சரிதவியல் துறை இருக்கு, நம்ம வீட்டுக்கு பக்கத்துலயே இருக்கிற துறை. அதுவரைக்கும் ஒரு நோட்டுக்கொப்பில உங்க ஊர்ல ரோட்டு வெட்டின இடம், கல்லுக்குவாரி, கிணறு தோண்டின இடம் எல்லாத்துலயும் பாறை எந்தப்பக்கம் சாயுது, இடுக்குல என்ன நிறத்துல களி இருக்குன்னு திகதி போட்டு வரைஞ்சு வைங்க. குவாரிக்குள்ள பெரியவங்க யாரும் இல்லாம போகாதீங்க. வரைஞ்சதுல ஒண்ணை படம் எடுத்து எனக்கு அனுப்புங்க, அடுத்த இதழ்ல அதை வச்சே பதில் எழுதுறேன்.